தொண்டை கட்டி குரல் வரலையா: வீட்டு வைத்தியத்துலேர்ந்து ஸ்கோப் வரைக்கும் ஒரு வழிகாட்டி

சளி புடிச்சா ரெண்டு மூணு நாள் குரல் கம்மிப் போறது எல்லாருக்கும் நடக்குறதுதான், அதுக்குன்னு யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓட மாட்டோம், ஓட வேண்டியதும் இல்ல. ஆனா சில பேருக்கு சளி போயிடும், காய்ச்சல் போயிடும், குரல் மட்டும் திரும்பி வராது. வாரக்கணக்கா கரகரன்னு இழுக்கும். அப்பதான் யார்கிட்ட காட்டுறது, என்ன டெஸ்ட் எடுப்பாங்க, எவ்வளவு செலவாகும், லீவு போடணுமான்னு ஒண்ணுமே தெரியாம முழிப்போம். நான் ஸ்கூல் டீச்சர், ஒரு நாளைக்கு ஆறு பீரியட் பேசியே ஆகணும், குரல் போனப்ப ஒரு கிளினிக்ல வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, கேக்கலன்னு போனா வேற ஆன்டிபயாடிக், அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை. கடைசி வரைக்கும் குரல் வர்ற எடத்தை அங்க யாரும் பாக்கவே இல்ல. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் இதை வரிசையா எழுதுறேன்.

ஒரு விஷயத்தை இப்பவே மனசுல போட்டுக்கங்க. டார்ச் அடிச்சா தெரியுறது தொண்டை, உள்நாக்கு, டான்சில் இவ்வளவுதான். குரல் நாண் ரெண்டும், அதாவது அதிர்ந்து குரலை உண்டாக்குற ரெண்டு பட்டையும், அதுக்கும் கீழ, நாக்கோட அடிக்குப் பின்னாடி மூச்சுக்குழாய் ஆரம்பிக்கிற எடத்துல இருக்கு. கண்ணாடியோ ஸ்கோப்போ (உள்ள விட்டுப் பாக்குற கேமரா குழாய்) இல்லாம அதைப் பாக்க முடியாது. கீழ எழுதியிருக்கிற முக்கால்வாசி விஷயம் இதை வச்சுதான்.

1. இன்னிக்கே ஓடணுமா, வீட்டுலயே இருக்கலாமா

கீழ இருக்கிறதுல ஒண்ணு இருந்தாலும் வீட்டு வைத்தியம் பாத்துட்டு உக்காராதீங்க, உடனே போங்க:

மூச்சு இழுக்கும்போது சத்தம் வருது, இல்ல மூச்சு வாங்குது. எச்சில்கூட முழுங்க முடியல. இருமும்போது ரத்தம் வருது. கழுத்துல கட்டி தெரியுது. தைராய்டு ஆபரேஷனோ, நெஞ்சு ஆபரேஷனோ, ஐசியூல தொண்டைக்குள்ள குழாய் போட்டதோ நடந்து அதுக்கப்புறம் குரல் மாறியிருக்கு. கத்திக்கிட்டு இருக்கும்போதோ பாடிக்கிட்டு இருக்கும்போதோ அந்த நிமிஷமே குரல் பட்டுன்னு நின்னுபோச்சு. இந்தக் கடைசி விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, குரல் நாண்ல இருக்கிற சின்ன ரத்தக்குழாய் உடைஞ்சிருக்கலாம், அப்ப ஒரு வார்த்தைகூட பேசாம இஎன்டி (காது மூக்கு தொண்டை) டாக்டர்கிட்ட போகணும், ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்குற மாத்திரை சாப்பிடுறவங்களா இருந்தா அதையும் முதல்லயே சொல்லணும், ஆனா நீங்களா அந்த மாத்திரையை நிறுத்திடக் கூடாது.

குழந்தைங்க விஷயம் தனி. ஆறு மாசத்துலேர்ந்து மூணு வயசு வரைக்கும் இருக்கிற குழந்தைக்கு ராத்திரி திடீர்னு குரல் கட்டி, நாய் குரைக்கிற மாதிரி இருமல் வந்து, மூச்சு இழுக்கும்போது கொர்ருன்னு சத்தம் கேட்டா அதுக்கு குரூப்னு பேரு. பெரும்பாலும் டாக்டர் ஒரே ஒரு டோஸ் டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மருந்து குடுத்தாலே நல்லா அடங்கும், ஆனா அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். குழந்தை வாயிலேர்ந்து எச்சில் ஒழுகுது, முன்னாடி சாய்ஞ்சே உக்காந்திருக்கு, நல்ல காய்ச்சல் அடிக்குதுன்னா தொண்டைக்குள்ள ஸ்பூன் விட்டுப் பாக்காதீங்க, படுக்க வைக்காதீங்க, அழ விடாதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க.

2. ஆரம்பிச்ச தேதியை எழுதி வைங்க

இது சின்ன வேலை, ஆனா அப்புறம் ரொம்ப உதவும். குரல் என்னிக்கு மாறுச்சு, அதுக்கு முன்னாடி சளி காய்ச்சல் இருந்துச்சா, எங்கயாவது கத்துனீங்களா, புதுசா எதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களான்னு போன்லயே நோட் பண்ணிக்கங்க. தினமும் காலைல ஒரே வாக்கியத்தைப் பேசி ரெக்கார்ட் பண்ணி வைங்க. குரல் தேறுதா மோசமாகுதான்னு நமக்கே தெரியாது, பத்து நாள் கழிச்சு போட்டுக் கேட்டா தெளிவாத் தெரியும். டாக்டரும் முதல்ல கேக்குறது "எத்தனை நாளா இருக்கு"ன்னுதான், அதுக்கு "கொஞ்ச நாளா சார்"னு சொன்னா அவங்களால எதையும் முடிவு பண்ண முடியாது.

3. முதல் ரெண்டு வாரம் வீட்டுல என்ன பண்ணணும்

திடீர்னு வர்ற குரல்வளை வீக்கம் முக்கால்வாசி வைரஸாலதான் வருது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா வடியும். மெடிக்கல் ஷாப்ல போய் "தொண்டை கட்டிருக்கு"ன்னு சொன்னதும் அசித்ரோமைசின் 500 மூணு மாத்திரை எடுத்துக் குடுத்துடுவாங்க, வாங்காதீங்க. அதை சாப்பிட்டு மூணாவது நாள் குரல் வந்தா மாத்திரையாலதான் வந்துச்சுன்னு நெனப்போம், சாப்பிடலன்னாலும் வந்திருக்கும்.

குரலுக்கு ஓய்வு குடுக்கிறதுதான் உண்மையான வைத்தியம். ஓய்வுன்னா முழு மௌனவிரதம் தேவையில்ல, தேவையானதை மட்டும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட மெதுவா, சாதாரணக் குரல்ல பேசுங்க. கிசுகிசுன்னு பேசினா குரலுக்கு நல்லதுன்னு நிறைய பேர் நெனக்கிறாங்க, அழுத்தி கிசுகிசுக்கும்போது தொண்டைத் தசை எல்லாம் இன்னும் இறுகும், அதனால அதையும் குறைங்க. போன் பேச்சை நிறுத்திட்டு மெசேஜ் அனுப்புங்க. ஓடுற மிக்ஸி, டிவி, பஸ் சத்தத்துக்கு மேல பேசாதீங்க.

செருமுறதை நிறுத்துங்க. தொண்டைல எதோ ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரியே இருக்கும், க்கும் க்கும்னு செருமத் தோணும், ஒவ்வொரு தடவை செருமும்போதும் ரெண்டு குரல் நாணும் ஒண்ணோட ஒண்ணு மோதும், வீக்கம் இருக்கிற எடத்துல மோதினா இன்னும் வீங்கும், வீங்கினா இன்னும் செருமத் தோணும். அப்படித் தோணுறப்ப எல்லாம் ஒரு வாய் தண்ணி குடிச்சு அழுத்தி முழுங்குங்க. இது பழக ரெண்டு மூணு நாள் ஆகும்.

ஆவி பிடிக்கலாம், இதமா இருக்கும். வெறும் தண்ணி போதும், தைலம், கற்பூரம் எதுவும் போட வேண்டாம், வீங்கின எடத்தை அது இன்னும் எரிச்சலாக்கும். குண்டானைத் தரையில வச்சு போர்வை மூடிப் பிடிக்கும்போது கொதிதண்ணி கொட்டி வெந்துபோறது நடக்குது, அதனால மேஜை மேல ஆடாம வச்சுப் பிடிங்க, குழந்தைங்களுக்கு வேண்டவே வேண்டாம். உப்புத்தண்ணி கொப்பளிச்சா தொண்டை வலிக்கு நல்லது, ஆனா அது குரல் நாண் வரைக்கும் போகாது, போனா புரையேறிடும். அதனால கொப்பளிச்சும் குரல் வரலையேன்னு பயப்படாதீங்க.

சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை இதெல்லாம் இதத்துக்கு அளவா எடுத்துக்கலாம், எங்க வீட்லயும் அம்மா போட்டுக் குடுத்தாங்க. அதிமதுரம் மட்டும் கவனம், அதை நாள் கணக்கா நிறைய சாப்பிட்டா பிபி ஏறும், உடம்புல பொட்டாசியம் குறையும், பிபி மாத்திரை சாப்பிடுறவங்க, இதய நோய் இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க தவிர்க்கிறது நல்லது. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேன் குடுக்கவே கூடாது.

காய்ச்சல் வலி இருந்தா பாராசிட்டமால் போதும். தண்ணி அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. சிகரெட், பீடி, சரக்கு இதெல்லாம் இந்த ரெண்டு வாரமாவது தொடாதீங்க, வீட்ல வேற யாராவது புடிக்கிறாங்கன்னா அவங்களையும் வெளிய போய் புடிக்கச் சொல்லுங்க.

4. எப்ப டாக்டர்கிட்ட போகணும், எந்த டாக்டர்

மூணு வாரம் தாண்டினா அது சாதாரணத் தொண்டைக்கட்டு இல்ல, நாள்பட்டதுன்னு கணக்கு. அமெரிக்க இஎன்டி டாக்டர்கள் சங்கம் 2018-ல மாத்தி எழுதின வழிமுறைல, நாலு வாரத்துக்குள்ள குரல் சரியாகலன்னா குரல்வளையைப் பாத்தே ஆகணும்னு இருக்கு. அதுக்கு முன்னாடி அவங்களே மூணு மாசம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, ரொம்ப லேட்டாகுதுன்னுதான் குறைச்சாங்க. டீச்சர், பாடகர், கால் சென்டர்ல வேலை பாக்குறவங்க, கண்டக்டர், கடைல கூவி விக்கிறவங்க, புகையிலை பழக்கம் இருக்கிறவங்க, இவங்க எல்லாம் நாலு வாரம் வரைக்கும்கூட காத்திருக்க வேண்டாம், ரெண்டு வாரத்துல தேறலன்னா போயிடுங்க.

நேரா இஎன்டி டாக்டர்தான். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே "உங்ககிட்ட குரல்வளை பாக்குற ஸ்கோப் இருக்கா"ன்னு போன்லயே கேளுங்க. சில எடத்துல மூக்கு காது பாக்குற ஸ்கோப் மட்டும் இருக்கும், போய் பீஸ் கட்டினதுக்கு அப்புறம் "இதை வேற எடத்துல எடுத்துட்டு வாங்க"ன்னு அனுப்புவாங்க.

அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் இஎன்டி பிரிவு இருக்கு, சென்னைல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைல அதுக்குன்னு தனி உயர்நிலை நிலையமே இருக்கு. டாக்டர் பாக்குறதுக்கும் ஸ்கோப்புக்கும் காசு கிடையாது. ஓபி காலைலதான், மதியத்தோட முடிஞ்சிடும், அதனால ஓபி சீட்டு குடுக்க ஆரம்பிக்கிறப்பவே வரிசைல நின்னுடுங்க. ஸ்கோப் அன்னிக்கே எடுத்தாலும் எடுப்பாங்க, வேற நாள் வரச் சொன்னாலும் சொல்லுவாங்க, ரெண்டுக்கும் தயாரா போங்க.

தனியார்ல நான் விசாரிச்ச எடங்கள்ல கன்சல்டேஷன் 400 ரூபாய்லேர்ந்து 1,000 வரைக்கும், ஸ்கோப் தனியா 1,000-லேர்ந்து 3,000 வரைக்கும் சொன்னாங்க. ஊருக்கு ஊர் மாறும். ஸ்கோப் சார்ஜ்ல வீடியோ, ரிப்போர்ட் ரெண்டும் சேர்த்தியான்னு முன்னாடியே கேட்டுக்கங்க.

5. கையில என்ன எடுத்துட்டுப் போகணும்

ஆதார் கார்டு, பழைய மருந்துச் சீட்டு எல்லாம், அந்த தேதி நோட், ரெக்கார்டிங் இருக்கிற போன். இப்ப சாப்பிடுற மாத்திரை அத்தனையும் அட்டையோட எடுத்துட்டுப் போங்க, பேரை ஞாபகத்துலேர்ந்து சொல்லாதீங்க. ஏன்னா குரலைக் கெடுக்கிற மருந்துங்க இருக்கு. ஆஸ்துமாவுக்கு இழுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர் குரலைக் கரகரப்பாக்கும், சில பேருக்கு குரல்வளைல பூஞ்சை வரும். எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி பிபி மாத்திரைங்க சில பேருக்கு வறட்டு இருமல் குடுக்கும், இருமி இருமியே குரல் போகும். அலர்ஜி மாத்திரைல சிலது தொண்டையை வறட்டும். இதெல்லாம் தெரிஞ்சா டாக்டரே மாத்திக் குடுத்துடுவாரு, அங்கயே பிரச்சனை முடிஞ்சிடும்.

இஎஸ்ஐ இருக்கிறவங்க, அதாவது மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து கம்பெனில பிடிச்சுக்கிட்டு இருந்தா, முதல்ல உங்க இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய் ரெஃபரல் லெட்டர் வாங்கிட்டுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். லெட்டர் இல்லாம நேரா போனா திருப்பி அனுப்பிடுவாங்க, ஒரு நாள் சம்பளம் போயிடும்.

6. ஸ்கோப் எப்படி இருக்கும்

இதுக்கு பயந்துதான் நிறைய பேர் தள்ளிப் போடுறாங்க. அதனால விவரமாவே சொல்றேன்.

மூணு விதமா பாப்பாங்க. ஒண்ணு பழைய முறை, சின்ன வட்டக் கண்ணாடியைச் சூடு காட்டி தொண்டைக்குள்ள விட்டுப் பாக்குறது, ரெண்டு நிமிஷ வேலை, ஆனா எல்லாருக்கும் சரியாத் தெரியாது. ரெண்டாவது, நேரான கம்பி மாதிரி இருக்கிற ஸ்கோப்பை வாய் வழியா விடுறது. நாக்கைத் துணியால புடிச்சு வெளிய இழுப்பாங்க, குமட்டல் வரும், ஆனா படம் ரொம்பத் தெளிவா இருக்கும். மூணாவது, மூக்கு வழியா வளையுற மெல்லிசான ஸ்கோப். குமட்டல் அதிகம் இருக்கிறவங்களுக்கும் பேசும்போது நாண் எப்படி அசையுதுன்னு பாக்குறதுக்கும் இது வசதி.

எனக்கு மூக்கு வழியாத்தான் பாத்தாங்க. மரத்துப்போற மருந்துல நனைச்ச பஞ்சை மூக்குல வச்சு கொஞ்ச நேரம் உக்கார வச்சாங்க, தொண்டைல கசப்பா இறங்குச்சு, முழுங்கும்போது தொண்டையே இல்லாத மாதிரி ஒரு உணர்வு, அது மருந்தால வர்றது, மூச்சு அடைக்காது, பதட்டப்பட வேண்டாம். ஸ்கோப் உள்ள போகும்போது மூக்கு மேல ஒரு அழுத்தம், கண்ணுல தண்ணி, அவ்வளவுதான். டாக்டர் "ஈஈஈ சொல்லுங்க, இப்ப மூச்சு இழுங்க, ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுங்க"ன்னு சொல்லிக்கிட்டே பாத்தாங்க. ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாங்க. ரெண்டு வெள்ளைப் பட்டை, மூச்சு விடும்போது தலைகீழ் வி மாதிரி திறக்குது, ஈ சொல்லும்போது மூடுது, ஆனா முன்பக்கம் ரெண்டு பட்டைலயும் எதிரெதிரா ஒரு சின்ன மேடு, அது ரெண்டும் முட்டிக்கிறதால பின்னாடி பட்டை சேரவே இல்ல, அந்த இடுக்கு வழியா காத்து போறது கண்ணாலயே தெரிஞ்சுது. மாத்திரை மாத்திரையா முழுங்கினதுக்கு எல்லாம் காரணம் அந்த ரெண்டு மேடு. ஸ்கோப் உள்ள போய் வெளிய வர்றதுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல.

கவனிக்க வேண்டியது: வயிறு முட்ட சாப்பிட்டுட்டுப் போகாதீங்க. மரத்துப்போற மருந்து, ஊசி எதுக்காவது முன்னாடி அலர்ஜி வந்திருந்தா சொல்லுங்க, பல் கட்டும்போது போட்ட ஊசில மயக்கம் வந்திருந்தாலும் சொல்லுங்க. முடிஞ்சதும் மரப்பு போற வரைக்கும், சுமார் ஒரு மணி நேரம், தண்ணிகூட குடிக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். வெளிய வந்ததும் காபி குடிக்கக் கூட்டிட்டுப் போற ஆள் கூட வந்திருந்தா அவங்ககிட்டயும் சொல்லி வைங்க.

வீடியோவைக் கேட்டு வாங்குங்க. பென் டிரைவ் கொண்டு போங்க, இல்லன்னா ஸ்கிரீனை போன்ல எடுக்கலாமான்னு கேளுங்க. வேற டாக்டர்கிட்ட ரெண்டாவது கருத்து கேக்கும்போதும், மூணு மாசம் கழிச்சு ஒப்பிட்டுப் பாக்கும்போதும் அதுதான் உதவும், இல்லன்னா மறுபடி காசு குடுத்து எடுக்கணும்.

சில பெரிய எடங்கள்ல ஸ்ட்ரோபோஸ்கோப்பினு ஒண்ணு இருக்கும். குரல் நாண் ஒரு செகண்டுக்கு நூறு தடவைக்கு மேல அதிரும், பெண்களுக்கு இருநூறு பக்கம், அதை நம்ம கண்ணால பாக்க முடியாது, வெட்டி வெட்டி அடிக்கிற வெளிச்சத்துல மெதுவா ஓடுற மாதிரி காட்டுவாங்க. எல்லாருக்கும் தேவையில்ல, சாதா ஸ்கோப்ல ஒண்ணும் தெரியல ஆனா குரல் சரியில்லன்னா கேளுங்க.

நாணைப் பாக்காமலே சிடி ஸ்கேன் எழுதிக் குடுத்தா "முதல்ல ஸ்கோப் பாத்துடலாமா டாக்டர்"னு கேளுங்க. அந்த வரிசைதான் சரி. ஸ்கேனுக்கு ஆகுற காசுல ரெண்டு மூணு ஸ்கோப் பாத்துடலாம்.

7. ரிப்போர்ட்ல என்ன வந்தா என்ன வைத்தியம்

வெறும் சிவப்பும் வீக்கமும் மட்டும்னா ஓய்வு, தண்ணி, காரணத்தைக் கண்டுபிடிச்சு நிறுத்துறது.

குரல்வளையோட பின்பக்கம் சிவப்பா இருக்கு, வயித்து ஆசிட் மேல ஏறுதுன்னு சொல்லி பான்டோபிரசோல் மாதிரி மாத்திரை குடுக்கிறது ரொம்ப சகஜம். நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் இருந்தா சரி, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட்டாத்தான் வேலை செய்யும், ராத்திரி சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல மூணு மணி நேரம் விடணும், கட்டில் தலைமாட்டை கொஞ்சம் தூக்கி வைக்கணும். ஆனா அப்படி எந்த அறிகுறியும் இல்லாம, நாணையும் பாக்காம, குரல் கம்மலுக்கு மட்டும் இந்த மாத்திரையை மாசக்கணக்கா சாப்பிடுறதுக்கு நல்ல ஆதாரம் கிடையாது. எத்தனை வாரம், எப்ப நிறுத்தணும்னு எழுதி வாங்கிக்கங்க.

நாடியூல்னு வந்தா, எனக்கு வந்தது இதுதான், அது காய்ப்பு. நிறைய பேசுறவங்களுக்கு வரும், புற்றுநோய் இல்ல, புற்றுநோயா மாறவும் மாறாது. முதல் வைத்தியம் வாய்ஸ் தெரபி, ஆபரேஷன் இல்ல. பாலிப் (நாண்ல வளர்ற சின்ன சதை), நீர்க்கட்டி வந்தா பல பேருக்கு ஆபரேஷன் தேவைப்படும், சின்ன பாலிப் தெரபிலயே சுருங்குறதும் உண்டு.

இன்ஹேலரால பூஞ்சைன்னா பூஞ்சை மருந்து குடுப்பாங்க, இன்ஹேலரை நிறுத்திடாதீங்க, ஸ்பேசர் (இன்ஹேலரோட மாட்டுற குழாய்) போட்டு இழுங்க, ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளிச்சுத் துப்புங்க.

ஒரு பக்க நாண் அசையலன்னு வந்தா அப்பதான் கழுத்துலேர்ந்து நெஞ்சு வரைக்கும் சிடி ஸ்கேன் எடுக்கணும். இடது பக்க நாணுக்குப் போற நரம்பு நெஞ்சுக்குள்ள இறங்கி பெரிய ரத்தக்குழாயைச் சுத்தி மேல வருது, அதனால நுரையீரல்ல இருக்கிற பிரச்சனைகூட குரல்ல முதல்ல தெரியலாம். இந்த ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு நாள் கடத்தாதீங்க.

நம்ம ஊர்ல மறக்கக் கூடாதது டிபி. குரல் கம்மலோட ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுறது இருந்தா சளி டெஸ்ட்டும் நெஞ்சு எக்ஸ்ரேவும் அரசு ஆஸ்பத்திரில இலவசமா எடுப்பாங்க. மருந்தும் இலவசம், சிகிச்சை நடக்கிற வரைக்கும் சத்துணவுக்குன்னு மாசம் 1,000 ரூபாய் பேங்க்ல போடுறாங்க, 2024 நவம்பர்லேர்ந்து அந்தத் தொகை, அதுக்கு முன்னாடி 500. அதுக்கு ஆதாரும் பேங்க் பாஸ்புக் நகலும் குடுக்கணும். சந்தேகம் இருந்தா 1800-11-6666 இலவச எண்.

வெள்ளைத் திட்டு, புண், கட்டின்னு வந்தா பயாப்ஸி, அதாவது சின்னதா சதை எடுத்து டெஸ்ட், எடுக்கணும்னு சொல்லுவாங்க. ஊசி பட்டா பரவிடும்னு சொந்தக்காரங்க யாராவது சொல்லுவாங்க, அதைக் கேட்டுக்கிட்டு நாட்டு மருந்துக்குப் போகாதீங்க. குரல் நாண்ல வர்ற புற்றுநோய் ஆரம்பத்துலயே குரலை மாத்திக் காட்டிடும், சின்னதா இருக்கும்போதே புடிச்சுட்டா ரேடியேஷனோ லேசரோ மட்டும் வச்சு பெரும்பாலானவங்களுக்கு முழுசா குணமாகும், குரல்வளையை எடுக்க வேண்டி வராது. ஆன்டிபயாடிக் மாத்தி மாத்தி மாசம் போறதுலதான் அந்த வாய்ப்பு போகுது. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல, பீடி சிகரெட் பழக்கம் உள்ள அப்பா, மாமா, பெரியப்பா யாருக்காவது குரல் மாறி ஒரு மாசம் ஆகியிருந்தா தயவுசெஞ்சு இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. குரல் கம்மலோட ஒரு பக்கக் காது வலின்னு சொன்னா இன்னும் சீக்கிரம்.

8. வாய்ஸ் தெரபி

இதை பேச்சுப் பயிற்சியாளர் குடுப்பாங்க, பேச்சு கேட்டல் பட்டம் படிச்சவங்க, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கணும், கேட்டுப் பாருங்க. பெரிய அரசு ஆஸ்பத்திரி இஎன்டி பிரிவுல இருப்பாங்க, இலவசம். தனியார்ல ஒரு தடவைக்கு 500-லேர்ந்து 1,500 வரைக்கும் சொல்றாங்க. வாரம் ஒரு தடவைன்னு ஆறிலேர்ந்து எட்டு வாரம் சாதாரணமா ஆகும். முதல் ரெண்டு வாரம் எதுவுமே மாறாத மாதிரி இருக்கும், அங்கதான் நிறைய பேர் விட்டுடுறாங்க. விடாதீங்க.

என்ன சொல்லித் தருவாங்கன்னா, பாதி டம்ளர் தண்ணில ஸ்ட்ரா விட்டு, உதட்டை மூடி, ஊஊன்னு குரல் குடுத்துக்கிட்டே குமிழி விடுறது. கன்னத்துல லேசா அதிர்வு தெரியணும், தொண்டைல இறுக்கம் இருக்கக் கூடாது. அந்த தண்ணியோட எதிர் அழுத்தம் நாண் ரெண்டும் முட்டி மோதாம மெத்துன்னு சேர உதவுது. அப்படியே சுருதியைக் கீழேர்ந்து மேல கொண்டு போகச் சொல்லுவாங்க. அப்புறம் ம்ம்ம்னு முனகுறது, வயித்துலேர்ந்து மூச்சு எடுத்துப் பேசுறது, வாக்கியத்துக்கு நடுவுல நிறுத்தி மூச்சு விடுறது. கடைசி விஷயம் டீச்சர்களுக்கு ரொம்ப முக்கியம், நாம மூச்சு தீர்ந்தும் வாக்கியத்தை முடிக்கணும்னு தொண்டையை இறுக்கிப் பேசுறோம். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை, ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம், அவ்வளவுதான் நேரம். வலிச்சா நிறுத்திட்டு அடுத்த தடவை சொல்லுங்க. வீடியோவைப் பாத்து நீங்களா ஆரம்பிக்காதீங்க, நாண்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சதுக்கப்புறம்தான் பயிற்சி.

9. ஆபரேஷன்னு சொன்னா காசு விஷயம்

மயக்க மருந்து குடுத்து, வாய் வழியாவே மைக்ராஸ்கோப் வச்சுப் பண்ணுவாங்க, வெளிய தழும்பு இருக்காது, அன்னிக்கே இல்லன்னா மறுநாள் வீட்டுக்கு வந்துடலாம். எடுத்த சதையைக் கண்டிப்பா பயாப்ஸிக்கு அனுப்பணும், அந்த ரிப்போர்ட்டை வாங்காம ஃபைலை மூடாதீங்க. அதுக்கப்புறம் டாக்டர் சொல்ற சில நாள் பேசவே கூடாது, தெரபியும் தொடரணும், இல்லன்னா திரும்ப வரும்.

தனியார்ல 40,000-லேர்ந்து லட்சம் வரைக்கும் நான் கேட்டிருக்கேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, ஆனா ஓபில பாக்குறதுக்கு அது கிடையாது. உங்களுக்கு எழுதின ஆபரேஷன் பட்டியல்ல இருக்கான்னு ஆஸ்பத்திரிலயே இருக்கிற காப்பீட்டு கவுன்டர்ல அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடி கேளுங்க. அட்டை இல்லாதவங்க ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற பதிவு மையத்துக்குப் போகணும், குடும்பத்துல இருக்கிறவங்களையும் கூட்டிட்டுப் போங்க, அங்க போட்டோ எடுப்பாங்க. வருமானச் சான்றிதழ் வர நாளாகும், அதனால ஆபரேஷன் பேச்சு வந்த அன்னிக்கே அப்ளை பண்ணிடுங்க.

தனியார் மெடிக்ளெய்ம் இருந்தா பாலிசில "காது மூக்கு தொண்டை"ன்னு போட்ட வரியைத் தேடிப் பாருங்க, நிறைய பாலிசில இதுக்கு ரெண்டு வருஷம் காத்திருப்புக் காலம் போட்டிருப்பாங்க. கம்பெனி குரூப் பாலிசில பெரும்பாலும் அது இருக்காது. ஸ்கோப் பில்லை பத்திரமா வைங்க, அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடி 30 நாள் வரைக்கும் ஆன டெஸ்ட் செலவை நிறைய பாலிசி திருப்பிக் குடுக்கும்.

10. லீவும் வேலைக்குத் திரும்புறதும்

முதல் நாள் டாக்டரைப் பாக்கும்போதே மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்டு வாங்கிடுங்க, பின்தேதி போட்டு யாரும் தர மாட்டாங்க, தரவும் கூடாது. சர்டிஃபிகேட்ல "குரல் ஓய்வு தேவை"ன்னு தெளிவா எழுதச் சொல்லுங்க, வெறும் தொண்டை வலின்னு எழுதினா நிர்வாகம் அதை சின்ன விஷயமா எடுத்துக்கும். அரசுப் பள்ளி டீச்சர்னா மருத்துவ விடுப்பு முடிஞ்சு சேரும்போது உடல்தகுதிச் சான்றிதழும் வேணும், அதை கடைசி நாள் தேடாதீங்க. இஎஸ்ஐ ஆட்களுக்கு சர்டிஃபிகேட் இருந்தா சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துல 91 நாள் வரைக்கும் கிடைக்கும்.

திரும்பி வந்ததும் முதல் வாரமே முழு பீரியட் எடுக்காதீங்க, ஹெச்எம்கிட்ட பேசி பாதி குறைச்சுக்கங்க, அடுத்தடுத்து ரெண்டு வகுப்பு வராத மாதிரி கேளுங்க. இடுப்புல மாட்டுற சின்ன ஸ்பீக்கர் மைக் 1,000-லேர்ந்து 2,500 ரூபாய்க்குள்ள கிடைக்குது, அதை வாங்கிடுங்க, மைக் போட்டதுக்கு அப்புறமும் பழக்கத்துல கத்திப் பேசாம இருக்கப் பழகணும். பசங்களை அமைதிப்படுத்த கத்துறதுக்குப் பதிலா கைதட்டல், மணி, போர்டுல தட்டுறதுன்னு ஒண்ணை வழக்கமாக்குங்க, ரெண்டு வாரத்துல பசங்க பழகிடுவாங்க. சாக்பீஸ் தூசியை ஈரத்துணியால துடைங்க. குரல் நல்லா இருந்தாலும் மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை ஸ்கோப் பாத்து பழைய வீடியோவோட ஒப்பிட்டுக்கங்க, அதுக்கான தேதியை இப்பவே போன் காலண்டர்ல போட்டுடுங்க.